உன் பெட்டிக்கு யூபிஎஸ் வாங்கிய கதை

கண்ணா,

யூபிஎஸ் வாங்கியாயிற்று, மாட்டியும் ஆயிற்று. அது உனக்கே தெரியும். டப்ளினில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் டிவிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று போனிலேயே பார்த்துவிடுகிறவன் நீ. ஆனால் அதை வாங்கி மாட்டுவதற்குள் இந்த வீட்டில் நடந்த சில விஷயங்கள் உன் போனில் வந்திருக்காது. வாட்ஸப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்துப் படம் பிடித்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி. அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். அவர் எழுந்து காபி கேட்பதற்குள் முடித்தாக வேண்டும். இதை நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். எனக்கு அலுத்துப்போயிருக்கிறது, கண்ணா. தினமும் பஸ் பிடித்து முசிறிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்த காலத்தில்கூட இப்படி அலுத்ததில்லை. அப்போது காலைத் தண்ணீரில் வைத்தால் சரியாகிவிடும்.

ஊரடங்குக் காலத்தில் இந்த ஃபிளாட்டில் உட்கார்ந்து நீ வேலை பார்த்தபோது டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தாய். சர்வர் என்றாய். வெளியூர் வேலை கிடைத்துக் கிளம்பும்போது சட்டை, செருப்பு, ஊறுகாய் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாய், அதை மட்டும் விட்டுவிட்டுப் போனாய். உன் ஆபீஸ் சரக்கு பாதி அதற்குள் இருக்கிறது என்றாய். பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படங்களும் அதற்குள்தான் போய்ச் சேர்கின்றன என்று உன் மனைவி சொன்னாள். யோசித்துப் பார், எங்கள் பேத்தியின் படமெல்லாம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, எடுத்துப் பார்க்கத்தான் எங்களுக்கு வழி தெரியாது. நீ மாதத்துக்கு இரண்டு படம் அனுப்பினால் உண்டு. குறையாகச் சொல்லவில்லை, சிரிப்பாகத்தான் சொல்கிறேன். கொஞ்சம் குறையாகவும் வைத்துக்கொள்.

ஆடிக் காற்று அடித்தால் கரண்ட் போகும். மழை பெய்தால் போகும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டுவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்கள். வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் கை கொடுப்பதற்குள் ஒரு கண் சிமிட்டும் நேரம் இருக்கிறது. ஃபேனுக்கு அது தெரியாது, சுற்றிய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உன் பெட்டி மட்டும் மூச்சு நின்று விழுந்துவிடும். விழுந்ததும் உன் போனில் மணி அடிக்கும், அடுத்த நிமிஷம் எங்கள் போனில் நீ அடிப்பாய். எனக்கு அந்தப் பட்டன் விவகாரமெல்லாம் கைவராது என்று முதல் தடவை அப்பா போனை வாங்கினார். அதிலிருந்து அது அவர் வேலையாகிப்போனது.

"அப்பா, கரண்ட் போச்சா?"

"ஆமாம்பா. இப்பத்தான்."

"முன்னாடி சின்னதா ஒரு பட்டன் இருக்கு பாருங்க. அதை ஒரு தடவை தட்டுங்க. அழுத்திப் பிடிக்காதீங்க."

"தட்டிட்டேன்."

"லைட் என்ன கலர்ல எரியுது?"

"ஆரஞ்சு. இரு, இரு... பச்சை வந்துருச்சுப்பா."

எத்தனை தடவை இதை நான் அடுப்படியிலிருந்து கேட்டிருப்பேன். துவாக்குடிப் பக்கத்துத் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து, ஆயுள் முழுக்க அடுத்தவரை அதட்டியே வேலை வாங்கிய மனிதர். ஒருவர் சொல்லி அவர் குனிந்ததில்லை. அவர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, நீ சொல்லச் சொல்லப் பட்டனைத் தட்டினார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். பச்சை வந்த பிறகும் உடனே போனை வைக்க மாட்டார். அங்கே மழையா என்பார். அந்த ஊரில் கறிவேப்பிலை கிடைக்கிறதா என்பார். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்பார். நீயும் பதில் சொல்வாய், பெட்டி முழுசாக எழுந்து நிற்கும்வரை நீயும் காத்திருக்க வேண்டுமே.

மற்ற நாளில் நீங்கள் இருவரும் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். "நல்லாயிருக்கியா? சாப்ட்டியா? சரி, அம்மாகிட்ட தரேன்." அவ்வளவுதான். நீ வெளிநாடு கிளம்பிய அன்றைக்கு ஏர்போர்ட் வாசலில் நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அவர் உன்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" நீ தலையாட்டினாய். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர், "அந்த ஊர் பிளக் வேற மாதிரி இருக்குமாம், அதையும் கேட்டிருக்கணும்" என்று டி.வி.எஸ். டோல்கேட் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். இதில் என் கைங்கரியமும் உண்டு. நீ மார்க் குறைந்தால் என்னிடம் வருவாய், நான் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்வேன். அவருக்கு உன்மேல் கோபம் என்றால் என்னிடம் சொல்வார், நான் அதில் பாதியைக் கழித்துவிட்டு உன்னிடம் சொல்வேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கடைசியில் இருவருக்கும் நேராகப் பேசுகிற பழக்கமே இல்லாமல் போய்விட்டது. இத்தனை வருஷம் நடுவில் நின்று நின்று எனக்கும் கால் கடுத்துவிட்டது.

சித்திரையில் நீ என்னிடம் தனியாகச் சொன்னாய். "அம்மா, அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்ச உடம்பு. குனிஞ்சு எந்திரிக்க வேணாம். இனிமே அவரைத் தொந்தரவு பண்ண வேணாம்மா, நல்லதா ஒரு யூபிஎஸ் பாத்து வாங்கிடுங்க." பெற்ற மனசு குளிர்ந்துதான் போயிற்று. ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிங்காரத்தோப்பிலும் தில்லைநகரிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ஏசி நன்றாக இருந்ததால் கூடுதலாகவே சந்தேகம் கேட்டேன்.

கணக்கு டீச்சருக்கு அதெல்லாம் பெரிய வித்தை இல்லை. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் வி.ஏ., உன் பெட்டி தின்பது வாட். இரண்டும் ஒன்றில்லை, அட்டையில் இருப்பதில் முக்கால்வாசிகூட உண்மையில் கிடைக்காது என்று புரிந்துகொண்டேன். மலிவாக இருப்பது கரண்ட் போனால் மட்டும்தான் விழித்துக்கொள்ளும், மற்ற நேரத்தில் சாயங்கால லோ வோல்டேஜை அப்படியே உன் பெட்டிக்கு அனுப்பிவைக்கும். அதற்கு மேலே ஒரு ரகம் வோல்டேஜ் ஏறி இறங்குவதையும் தானே சரிசெய்து கொடுக்கும். அதற்கும் மேலே ஒன்று, எந்நேரமும் பேட்டரி வழியாகவே கரண்ட் கொடுக்கும், இடைவெளி என்பதே கிடையாது. ஆனால் அதற்குள் ஒரு ஃபேன் ஓயாமல் இரையும், நம் ஊர் வெயிலில் அதன் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும் என்றார் கடைக்காரர். நடுத்தர ரகம் போதும் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பாவிடம் சொன்னால், "அதுல வர்ற கரண்ட் வீட்டு லைன் மாதிரியே சுத்தமான சைன் வேவா? இல்லைன்னா அவன் பெட்டி ஏத்துக்காது, விசாரிச்சியா?" என்றார். மறுபடி போனேன், விசாரித்தேன், சுத்தமானதாகவே ஒன்று இருந்தது. "பேட்டரி தீர்ந்துபோச்சுன்னா இந்த ஊர்ல மாத்திக்க முடியுமா?" என்றார். மறுபடி போனேன். மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். "பராமரிப்புன்னு நாள் முழுக்க நிறுத்துறானே, அன்னிக்கு என்ன பண்ணுவ? அந்தக் குட்டி பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார். அது நியாயமான கேள்வி, நான் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பிடிபட்டது. யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைனிலேயே சொருகிவிட்டால் போதும். அந்தக் கண் சிமிட்டும் நேரத்தை மட்டும் யூபிஎஸ் பார்த்துக்கொள்ளும், அதற்குப் பிறகு சாயங்காலம்வரை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். நம் இன்வெர்ட்டரும் சைன் வேவ்தான், ஒத்துப்போகும் என்று கடையிலும் உறுதி சொன்னார்கள். சின்ன யூபிஎஸ்ஸே போதும், இனி எதுவும் விழாது. பெருமையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், "பாக்கலாம், அவசரம் என்ன" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் அலைந்தவள் நான், அவசரம் இல்லையாம் இவருக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, நீதான். "அம்மா, கரண்ட் போச்சா?" என்றாய். இல்லையே என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஆமாம்பா, போச்சு. இப்பத்தான் வந்துச்சு. சொல்லு, பட்டனைத் தட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே ஹாலுக்குப் போனார். நான் மாவுக் கையோடு நின்றேன். கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கிரைண்டரை நாம் இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கவில்லை, கண்ணா. கரண்ட் போயிருந்தால் முதலில் நின்றிருப்பது அதுதான்.

அவர் பேசி முடிக்கிறவரை பொறுத்திருந்து கேட்டேன். "ஏங்க, கரண்ட் எப்பங்க போச்சு?"

"போச்சு."

"கிரைண்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சு."

டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற சுவிட்சை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒருத்தன் முகம்கூட இப்படி இருந்ததில்லை. பிறகு மெதுவாக, "அவனுக்குச் சளி பிடிச்சிருக்கு. பேசும்போதே ரெண்டு தடவ இருமினான். உன்கிட்ட சொன்னானா?" என்றார்.

நீ என்னிடம் சொல்லவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை என்னிடம் பேசுகிறாய், எனக்கு அது கேட்கவும் இல்லை. அடுப்படிக்குப் போய்க் கிரைண்டரை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. நான் கடை கடையாக அலைந்ததும், அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பியதும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெட்டி விழாவிட்டால் உன் போன் அவருக்கு வராது. என் வழியாகத்தான் வரும், பாதி கழித்துக்கொண்டு.

சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. பொட்டென்று நிறுத்தினால் பெட்டிக்குள் இருக்கிற டிஸ்க் கெட்டுப்போகலாம் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தாய், அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் காபி கொடுக்கும்போது சொன்னேன். "பாப்பா படம் மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கு. நீங்க சுவிட்சைத் தட்டித் தட்டி அது ஒரு நாள் எந்திரிக்காமலே போயிட்டா என்ன செய்வீங்க?" காபியை வைத்துவிட்டு எழுந்து போய் அந்தப் பெட்டியின்மேல் கையை வைத்துப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. "எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சின் பக்கம் அவர் போகவில்லை. நியாயமாகப் போகிற கரண்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருந்த அன்று காலையிலேயே குளித்து, ஷேவ் செய்துகொண்டு, போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் கேலி செய்தேன், "மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?" என்று. அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் அவரே சொன்னார். "டீச்சரம்மா, அந்த யூபிஎஸ்ஸை வாங்கிட்டு வந்துடு. குழந்தை படத்தை வெச்சு விளையாட வேணாம்." வாங்கி வந்தேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடவிடவில்லை, அவரே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யூபிஎஸ்ஸுக்கும் உன் பெட்டிக்கும் நடுவில் ஒரு ஒயரைக் கொடுத்தால், பேட்டரி தீரப்போகும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும் என்று எழுதியிருந்தது. அதை நான் படிக்கப் படிக்க அவர் சொருகினார். எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்க நான் சுவிட்சை அணைத்தேன். உன் பெட்டி அசையவில்லை, பச்சையாகவே இருந்தது. ஆனால் இன்டர்நெட் பெட்டி அணைந்துவிட்டது, நீ உடனே பதறிக்கொண்டு கூப்பிட்டாய். அப்பா உன்னோடு பேசினார், நன்றாகவே பேசினார். நான் குனிந்து பார்த்தேன். யூபிஎஸ்ஸின் முதுகில் சில ஓட்டைகளுக்குத்தான் பேட்டரி உண்டு, ஒன்றிரண்டுக்குக் கிடையாது. இன்டர்நெட் ஒயரை அந்தப் பேட்டரி இல்லாத ஓட்டையில் சொருகியிருந்தார். பக்கத்திலேயே எழுதியிருந்தது. தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா, நான் கேட்கவில்லை. நானேதான் அதைப் பிடுங்கி மாற்றிச் சொருகினேன். வேறு என்ன செய்யட்டும், நீ என்னை நம்பித்தானே வாங்கச் சொன்னாய். அதைச் சொருகும்போது என் கை எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று முன்பகலில் காற்றடித்துக் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் ஒரு தடவை கீச்சென்றது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது, எல்லா விளக்கும் அப்படியே இருந்தது. அப்பா பேப்பரை இறக்கிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் "நல்ல சரக்காத்தான் வாங்கியிருக்க" என்றார். அந்தக் குரலில் ஒரு சுரத்தும் இல்லை. சாப்பிட உட்காரும்போது என் போனில் உன் மெசேஜ் வந்தது. 'சூப்பர்மா, ஒரு செகண்ட்கூட விழல.' கூடவே உன் கட்டைவிரல்.

"யாரு, அவனா?" என்றார்.

"ஆமா. ஒரு செகண்ட்கூட விழலையாம்."

"அப்படியா." சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார், "வேற ஒன்னும் கேக்கலையா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கண்ணா. "கேட்டானே, உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டான். சாயங்காலம் உங்ககூடப் பேசறானாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார், ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். சாயங்காலம் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஹாலிலேயே இருந்தார், கோயில் பக்கம் நடக்கப் போகவில்லை. விளக்கு வைத்த பிறகு, "அவனுக்கு ஆபீஸ்ல வேலை இருந்திருக்கும்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார் போலிருக்கிறது. இனி நடுவில் நின்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. இன்றைக்குச் சாயங்காலம் கூப்பிடு. என் நம்பருக்கு இல்லை, அவர் நம்பருக்கு. எடுத்த எடுப்பில், "என்னப்பா, எது விழுந்துச்சு?" என்றுதான் கேட்பார். எதுவும் விழவில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்.

உன் அம்மா